சுகிர்தபாய் கேட்டதும் பேப்பரில் வந்ததும்

காரோடு பள்ளிக்கூட மைதானத்தில் நிலப் பட்டயம் கொடுத்த அன்று, மேடையில் வைத்து அருமநாயகம் அண்ணன் சுகிர்தபாயிடம் ஒரு கேள்வி கேட்டார். மைக்கில் அல்ல. பட்டயத்தை அவள் கையில் நீட்டியபடி, போட்டோக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, உதடு அசைந்தும் அசையாமலும் கேட்டார்.

"மக்களே, இது எந்த எடம்?"

தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. அவர். காரோட்டில் அவர் கால்படாத வரப்பு கிடையாது. ஆனால் பட்டயத்தை அவர் கையைவிட்டு விடவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போன ஆள், இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டதோ என்று திடுக்கிட்டு விழிப்பாரே, அந்த விழிப்பு அவர் கண்ணில் இருந்தது.

"காரோடு ஆக்கும் அண்ணே. பட்டயம் குடுக்க வந்திருக்கிய," என்றாள் அவளும் அதே தணிந்த குரலில்.

"ஆ... காரோடு," என்றார். முகம் தெளிந்தது. அதற்குள் பாறசாலை ஸ்டுடியோக்காரர் பொன்னையன் இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொருவரையும் அண்ணன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஒரு கிழவரிடம் அவர் மகனின் கல்யாணம் என்னாயிற்று என்று விசாரித்தார். இன்னொருத்தியிடம் மாடு கன்று போட்டதா என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுகிர்தபாய் மேடையைவிட்டு இறங்கி, பட்டயத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தாள். கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

ஓணம் முடிந்த கையோடு நடந்தது இது. எழுபத்தொன்பதாம் வருஷம். சுகிர்தபாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அண்டி ஆபீஸில் வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொட்டையின் பால் பட்டுப்பட்டு அவள் விரல்நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். கணவன் செல்லையன் ஷார்ஜாவில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தான். குடிசை இருந்த பூமி மேலேவீட்டுக்காரர்களுடையது. அவளுடைய அம்மா நேசம் அந்தத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே தேங்காய் பொறுக்கி, மேலேவீட்டுக்காரர் போ என்றால் போக வேண்டும் என்ற பயத்திலேயே காலத்தைக் கழித்தவள்.

அடுத்தவர் பூமியில் குடிசை போட்டிருக்கும் குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தபோது, அதைக் காகிதத்தில் இருந்து மண்ணுக்குக் கொண்டுவந்தவர் அருமநாயகம். எழுபதாம் வருஷம் அவர் முன்னால் நடக்க, நேசம் உட்பட ஒரு பெருங்கூட்டம் கம்பு நட்டு, ஓலை கட்டி, பத்து சென்ட் வீதம் வளைத்தது. போலீஸ் அடித்தது. அவருடைய தோள் எலும்பு அன்று முறிந்தது. கடைசிவரை அவரால் அந்தக் கையை முழுக்கத் தூக்க முடியவில்லை. மேலேவீட்டுக்காரர்கள் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இழுத்து இழுத்து, நேசம் செத்துப்போய், ஒருவழியாகப் பாதிப் பேருக்குத்தான் தீர்ப்பு வந்தது. அந்தப் பாதியில் சுகிர்தபாய் இருந்தாள். அண்டி ஆபீஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் லீலாபாய் மற்றப் பாதியில் இருந்தாள். அவளுக்கு இன்னும் பட்டயம் வரவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நிமிஷம் தடுமாறினார் என்றால் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா? சுகிர்தபாய் வாயைப் பூட்டிக்கொண்டாள். லீலாபாயிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் 'ஜனவீதி' பேப்பரில் முதல் பக்கத்தில் அவள் படம் வந்தது.

"'இது எந்த இடம்?' மேடையில் திகைத்த எம்.எல்.ஏ." என்று மேலே பெரிய எழுத்து. கீழே, கேட்ட வார்த்தை அப்படியே இருந்தது. தலைவருக்கு மிக நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தனவாம். கூடவே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு டாக்டர், எழுபது தாண்டியவர்களுக்கு மூளை எப்படியெல்லாம் மங்கும் என்று விளக்கியிருந்தார். அந்த டாக்டர் அண்ணனைப் பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை. படத்தில் அண்ணன் எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார். அதே படத்தில் சுகிர்தபாய் வாயைத் திறந்தபடி நின்றாள்.

ஜனவீதி எதிரணிக்கு வேண்டிய பேப்பர். அண்ணனின் கட்சி இருந்த அணிக்கு வேண்டியது 'தட்சிணதாரா.' அதிலும் அதே நாள் படம் வந்தது. பொன்னையன் ஒரே பிலிம் சுருளில் இருந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். தட்சிணதாராவின் படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். "இளைஞர்களும் தோற்கும் சுறுசுறுப்பு" என்று தலைப்பு. மணிக்கணக்காக நின்றுகொண்டே பட்டயம் வழங்கினார் என்று எழுதியிருந்தது. அவர் முக்கால்வாசி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை மைதானமே பார்த்திருந்தது.

அண்டி ஆபீஸில் லீலாபாய் இரண்டு பேப்பரையும் மடியில் விரித்து வைத்திருந்தாள். சுகிர்தபாய் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

"சுகிர்தம், இது நீதானே?"

"படத்தில நான்தான்."

"படத்தைக் கேக்கல்ல. இந்தப் பேப்பர்காரனுக்குச் சொல்லிக் குடுத்தது நீயான்னு கேட்டேன். அவருக்கப் பக்கத்தில வேற ஆரும் நிக்கல்லியே."

"சத்தியமா நான் ஒரு வாக்கும் சொல்லல்ல."

"பின்ன பேப்பர்காரன் கனவு கண்டானா? உனக்குப் பட்டயம் கிட்டியாச்சு, உனக்கு என்ன? எங்களுக்கு இனியாக்கும் வரணும். அண்ணன் போனா மேலேவீட்டுக்காரன் எங்களை வேலிக்கு வெளிய தள்ளுவான். அதை நெனைச்சியா?"

யாரோ பின்னாலிருந்து, கல்ஃபில் இருந்து வருகிற சேலை போதவில்லையோ, ஜனவீதிக்காரனும் ஒன்று வாங்கித் தந்தானோ என்றாள். சுகிர்தபாய் உட்கார்ந்து கொட்டை உடைத்தாள். கட்டை குறி தவறி விரலில் பட்டது.

அன்று முழுக்க ஒரே விஷயம்தான் அவள் மண்டைக்குள் ஓடியது. தான் சொல்லவில்லை. அப்படியானால் யார்? மேடையில் நின்றவர்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தாள். தாசில்தார் தூரத்தில் இருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். பட்டயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் கையில் கொடுத்துக்கொண்டு, அவர் தோளை ஒட்டி நின்றவன் ஜெயதாஸ் மட்டும்தான். அண்ணனின் தங்கை மகன். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய பையும் மாத்திரையும் போன் பேச்சும் யார் அவரைப் பார்க்கலாம் என்பதும் எல்லாமே ஜெயதாஸின் கையில்தான்.

ஆனால் தட்சிணதாராவில், "மாமாவுக்கு ஒரு குறைவும் இல்லை; இது எதிரிகளின் பொய்ப் பிரசாரம்" என்று கொதித்திருந்தவனும் அதே ஜெயதாஸ்தான். ஒரே வாய் ஒரு பேப்பருக்கு ரகசியத்தைச் சொல்லிவிட்டு மற்றப் பேப்பரில் அதை மறுக்குமா? நினைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. கொட்டைப் பால் பட்ட இடம்போல எரிந்துகொண்டே இருந்தது.

ஷார்ஜாவில் இருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் செல்லையன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தான். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அவனுக்குப் பிடிக்கும். பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டுக் கேட்டாள். "எனக்க பெண்டாட்டிக்க படம் பேப்பர்ல வந்திருக்குன்னு இங்க ரூமில கொண்டாட்டம்," என்று தொடங்கியவன், கொஞ்ச நேரம் இருமிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு கேக்கட்டா? நீ என்னத்துக்கு அதைப் போய் வெளியில சொன்னே?"

கடல்தாண்டிக் கிடக்கிறவனும் அதையே கேட்கிறான். அவள் கேசட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

இனிச் சும்மா இருந்தால் பழி தன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நடந்ததை முழுதாக ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஜனவீதியின் நிருபர் கிருஷ்ணன்குட்டி ஸ்கூட்டரில் அவளைத் தேடி வந்தபோது முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். அவர் மலையாளத்தில் கேட்டார். அவள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னாள். அண்ணன் கேட்டது உண்மை. தான் பதில் சொன்னது உண்மை. அதன்பிறகு அவர் ஒருவரையும் மறக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உண்மை. மாடு கன்று போட்டது வரை சொன்னாள். கிருஷ்ணன்குட்டி தலையாட்டிக்கொண்டே எழுதினார். கொஞ்ச நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அதை அவள் கவனித்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

அவர் போன பிறகு தட்சிணதாராவின் நிருபர் சோமன் வந்தார். அவரிடமும் அதையே, அதே வரிசையில் சொன்னாள். சோமன் முதலில் எழுதவே இல்லை. மாட்டுக் கதை வந்தபோதுதான் பேனாவைத் திறந்தார்.

"ஆமாம், கேட்டார்: பட்டயம் பெற்ற பெண் உறுதி," என்றது ஜனவீதி. "பெயர் சொல்லி அழைத்தார்: பட்டயம் பெற்ற பெண் மறுப்பு," என்றது தட்சிணதாரா. இரண்டும் ஒரே காலையில் வந்தன. அவள் சொன்னதை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் இருந்தது அவள் சொன்ன வார்த்தைதான். ஒரு வார்த்தையைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது.

அண்டி ஆபீஸில் அதற்குப்பிறகு அவளை யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு" என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவளுக்குத் திட்டே தேவலை என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினாள். அண்ணனை நேரில் பார்த்து, நான் சொல்லவில்லை என்று அவரிடமே சொல்லிவிட வேண்டும். ஆற்றுக்குப் போகும் வழியில் ஓட்டு வீடு. கேட்டுக்குள் கால் வைக்கும் முன்பே ஜெயதாஸ் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, இனிமையான பேச்சு.

"அக்காவா? மாமா ஒறங்குதாரு. டாக்டர் ஆரையும் பாக்கண்டாம்னு சொல்லியிருக்காரு."

"பேப்பரில நல்ல சொகம்னு நீங்கதானே சொன்னிய?"

அவன் சிரிப்பு மாறவில்லை. "சொகம்தான். நல்ல ஒறக்கமும் சொகத்துக்குத்தானே அக்கா. என்ன சொல்லணும், என்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிக்கிடுதேன்."

"மேடையில நீங்களும் கேட்டியதானே, அவரு என்கிட்டக் கேட்டது?"

"என்ன கேட்டாரு?" என்றான் ஜெயதாஸ், கண்ணைக்கூட இமைக்காமல். "நான் ஒண்ணும் கேக்கல்லியே."

பேப்பரில் வந்து, ஊரெல்லாம் பேசி, மறுப்பும் கொடுத்த பிறகு, என்ன கேட்டார் என்று கேட்கிறான். சுகிர்தபாய் திரும்பி நடந்தாள். தெருமுனையில் நின்று ஒருமுறை பார்த்தபோது, மாடி ஜன்னலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உறங்கவில்லை. வழியில் போகிற யாருக்கோ செய்வதுபோல, நல்ல கையை உயர்த்தி அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

அதற்குள் மேலே டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் என்னென்னவோ நடந்தது. அணிகள் உடைந்தன. அண்ணனின் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறி எதிரணியோடு சேர்ந்துகொண்டது. தேர்தல் ஜனவரியில் வரும் என்றார்கள். அரசியல் அவ்வளவாகத் தெரியாத சுகிர்தபாய்க்கு அது பேப்பர் வழியாகத்தான் புரிந்தது. ஒரு காலையில் ஜனவீதியில் அண்ணனின் படம். "தளராத தலைமை" என்று தலைப்பு. நேற்றுவரை அவருக்கு மூளை மங்கிவிட்டது என்று எழுதிய அதே கிருஷ்ணன்குட்டி, அவருடைய நினைவாற்றலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். மாடு கன்று போட்ட கதை அதில் இருந்தது. அன்று எழுதாமல் விட்டதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

தட்சிணதாராவோ, "வயது ஒரு தடையா?" என்று கேட்டு, மக்கள் நலன் கருதி மட்டுமே இந்தக் கேள்வியை எழுப்புவதாக எழுதியிருந்தது. படம் பொன்னையன் எடுத்ததுதான். அண்ணன் வெறித்துப் பார்ப்பது. சுகிர்தபாயின் வாய் இப்போது தட்சிணதாராவில் திறந்திருந்தது.

லீலாபாய் இரண்டையும் நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சுகிர்தபாயின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எடீ, இவனுவ தோணுனதை எழுதுதானுவ. நான் உன்னை வெறுதே சந்தேகப்பட்டுட்டேன்."

"சந்தேகப்படண்டாம்னு நான் சொல்லல்ல," என்றாள் சுகிர்தபாய். "சொன்ன ஆளு வேற, அவ்வளவுதான்."

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு இரண்டு பேப்பரிலும் முதன்முறையாக ஒரே செய்தி வந்தது. டாக்டர்களின் ஆலோசனைப்படி தான் தேர்தலில் நிற்கப்போவதில்லை, தன் இடத்தில் ஜெயதாஸை ஆதரிக்க வேண்டும் என்று அருமநாயகம் கையொப்பமிட்ட அறிக்கை. ஜனவீதி அதைத் தியாகம் என்றது. தட்சிணதாரா அதைக் குடும்ப ஆட்சி என்றது. அண்ணனிடம் போய் ஏன் என்று கேட்டதாக இரண்டிலும் ஒரு வரி இல்லை.

சுகிர்தபாய் இந்த முறை முன்வாசல் வழியாகப் போகவில்லை. அந்த வீட்டில் சமையல் பார்க்கும் புஷ்பபாய் காரோட்டுக்காரி, ஒரே சர்ச். ஜெயதாஸ் ஓட்டுக் கேட்கப் போயிருந்த பகல் பொழுதில், புஷ்பபாய் அவளைக் கிணற்றடி வழியாக உள்ளே கூட்டிப்போனாள். "அதிகம் பேசாத. நல்ல நேரமாக்கும் இப்ப," என்றாள்.

அண்ணன் அடுக்களைத் திண்டில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். சுகிர்தபாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நேசத்துக்க மகளில்லியா நீ? உனக்க அம்ம அன்னைக்குப் போலீஸ்காரன் தொப்பியைப் பிடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சா. அந்தத் தொப்பி மெதந்து மெதந்து போச்சு!" என்று சிரித்தார். எழுபதில் நடந்த அந்த நாளை வேலிக் கம்பு கம்பாகச் சொன்னார். யார் எங்கே நின்றார்கள், யாருடைய குழந்தை அழுதது, எல்லாம். இவருக்கா ஓர்மை இல்லை என்கிறார்கள்?

அப்போது அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எலக்சன் எப்பமாக்கும்? நாமினேஷன் குடுக்க இந்தப் பயல் இன்னும் என்னைக் கூட்டிட்டுப் போவல்லியே."

புஷ்பபாய் சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுகிர்தபாய்க்கு அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க நிக்கல்ல அண்ணே. ஜெயதாசு ஆக்கும் நிக்கது."

"ஆரு சொன்னா?"

"நீங்க சொன்னதாப் பேப்பர்ல போட்டிருக்கு. ஒப்பும் இருக்கு."

கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பு நான் போட்டதாத்தான் இருக்கும். அவன் நீட்டுற எடத்தில எல்லாம் போடுதேன். எதுக்குன்னு அவன் சொல்லி, நான் மறந்திருப்பேன். இல்லேங்கி, அவன் சொல்லாமலே வாங்கியிருப்பான். ரெண்டில எதுன்னு எனக்குத் தெரியாது மக்களே. அதாக்கும் எனக்க தீனம்."

"அவன் ஏமாத்துனான்னா நான் நாலு பேருகிட்ட சொல்லுவேன் அண்ணே."

"ஏமாத்தல்லேன்னா?" என்றார். "அவனும் எனக்குச் சோறு ஊட்டுத பயலாக்கும்."

வெளியே கார் சத்தம் கேட்டது. அவள் வந்த வழியே வெளியேறினாள். பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். கிருஷ்ணன்குட்டியிடம் சொன்னால் தொப்பிக் கதையை மட்டும் எடுத்துக்கொள்வார். சோமனிடம் சொன்னால் நாமினேஷன் கதையை மட்டும். ரெண்டில் எதுவென்று தெரியாது என்ற அந்தப் பேச்சை யார் போடுவார்கள்? கடைசியில் லீலாபாயிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ ஜெயதாசு கள்ளனா, இல்லியா?" என்றாள் லீலாபாய்.

"எனக்குத் தெரியல்ல."

"நேரே கேட்டா என்ன?"

கேட்டாள். ஜெயதாஸ் ஆட்களோடு காரோட்டில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்தபோது, சுகிர்தபாய் தன் பத்து சென்ட்டின் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணன் சொல்லி நிக்குதேன்னு சொல்லுதிய. கொள்ளாம். அவரைக் கூட்டிட்டு வாங்க. அவருக்க வாயால ஒரு தடவை கேக்கட்டும் நாங்க. பின்ன ஓட்டைப் பத்திப் பேசலாம்."

கூட்டம் சலசலத்தது. அண்டி ஆபீஸ் பெண்கள் அங்கங்கே நின்று, ஆமாம், கூட்டிவரட்டும் என்றார்கள். ஜெயதாஸ் முகத்தில் முதன்முறையாக அந்த இனிமை கலைந்ததை அவள் பார்த்தாள். ஆனால் ஒரு நொடிதான்.

"அதுக்கென்ன அக்கா. கூட்டிட்டு வாறேன்," என்றான்.

சொன்னபடியே கூட்டியும் வந்தான். பாறசாலை ஜங்ஷனில் கூட்டம். மேடைக்கு ஏற்றவில்லை. அம்பாசிடர் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, மைக்கைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினார்கள். சுகிர்தபாய் கூட்டத்தை முட்டித்தள்ளிக் கதவருகே வந்துவிட்டாள். ஜெயதாஸ் குனிந்து அண்ணனின் காதில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, இரைச்சல். அண்ணன் மைக்கைப் பிடித்து, அந்தப் பழைய கனத்த குரலில், "இவன் எனக்க பயல். இவனுக்கு ஓட்டுப் போடுங்க. மிச்சப் பட்டயத்தை இவன்கிட்ட வாங்குங்க," என்றார். ஒரு திக்கல் இல்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது.

பேசி முடித்தவர் கார் ஜன்னல் வழியே சுகிர்தபாயைப் பார்த்தார். "நேசம், நீயும் வந்தியா?" என்றார்.

செத்துப்போன அம்மாவின் பெயர். அவள் கதவைப் பிடித்தபடி, "வந்தேன் அண்ணே," என்றாள். சொன்னது அவருடைய மனசா, காதில் ஓதியதா? அவ்வளவு பக்கத்தில் நின்றும் அவளுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. கார் நகர்ந்தது. மறுநாள் ஜனவீதி ஆவேச உரை என்றது. தட்சிணதாரா பரிதாபக் காட்சி என்றது.

ஜெயதாஸ் ஜெயித்தான். சொற்ப வித்தியாசம்தான். சுகிர்தபாய் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று லீலாபாய்கூடக் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மிச்சப் பேருக்கும் பட்டயம் வந்தது. லீலாபாய்க்கு ஜெயதாஸ்தான் தன் கையால் கொடுத்தான். நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு கொடுத்தான். லீலாபாய் அதை வாங்கிக்கொண்டு வந்து, இனி அவனைப் பற்றி ஒன்றும் பேசக்கூடாது என்று சுகிர்தபாயிடம் சொன்னாள். சுகிர்தபாய் பேசவில்லை. பேசாதது நம்பியதாக ஆகாது.

செல்லையன் லீவில் வந்தான். ஓலைக்கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டார்கள். பேப்பரில் வந்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அவன் ஆசைப்பட்டான். "எந்தப் பேப்பர்ல வந்ததை?" என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு அந்தப் பேச்சை விட்டான்.

அண்ணன் எண்பத்திரண்டாம் வருஷம் காலமானார். இரண்டு பேப்பரும் கறுப்புக் கட்டம் போட்டன. கடைசி மூச்சுவரை தாலுக்காவின் ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரோடு நினைவில் வைத்திருந்தவர் என்று இரண்டும் எழுதின. அடக்கத்துக்குப் போயிருந்த இடத்தில், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒரு புதிய நிருபர் சுகிர்தபாயை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டுமாம்.

"சொல்லுதேன்," என்றாள் அவள். "எழுதினதை முழுக்க எனக்கு வாசிச்சுக் காட்டணும். பின்னத்தான் கொண்டுபோகணும்."

"அதுக்கு நேரமில்ல சேச்சி. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"எனக்கும் நேரமில்ல," என்றாள். குழிமேட்டில் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, புஷ்பபாயைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, காரோட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.